ஸ்பிரிங் வேகும் நேரம்

ஜெயநிதி ஸ்பிரிங்ஸ் கம்பெனியில் ஒரு தட்டு ஸ்பிரிங் வேக நாற்பது நிமிஷம் ஆகும். அதற்கு முன்னால் எடுத்தால் ஒடியும். ரொம்ப நேரம் விட்டால் தொய்யும். இதைத் துலுக்கானத்துக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பதினோரு வருஷம் ஓர் அடுப்புக்கு முன்னால் நின்றவனுக்கு அடுப்பைப் பற்றிச் சொல்லித் தர அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆளும் கிடையாது. ஆபீஸ்காரர்கள் அதை டெம்பரிங் ஃபர்னஸ் என்பார்கள். ஷெட்டில் எல்லாருக்கும் அது அடுப்புதான், ஸ்பிரிங் வேகிறதுதான்.

அடுப்பில் பதித்திருந்த கடிகாரம் எண்பத்தாறாம் வருஷமே நின்றுபோனது. துலுக்கானம் கையில் வாட்ச் கட்டுவதில்லை. பட்டறவாக்கம் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் வந்து நிற்கிற சத்தத்தை வைத்தும், வலது முட்டியில் வலி எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதை வைத்தும் நாற்பது நிமிஷத்தைக் கண்டுபிடித்துவிடுவான். ஒருநாளும் தப்பியதில்லை.

இப்படிப்பட்ட ஆளைக் கம்பெனி டெம்பரரியாக வைத்திருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று நாள் வேலையை விட்டு நிறுத்துவார்கள். நாலாம் நாள் புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு தடவை புதிதாகச் சேர்ந்த பழைய ஆள் அவன். வருகைப் பதிவேட்டில் துலுக்கானம் என்ற பெயர் இருக்காது. ‘அடுப்பு – 1 ஆள்’ என்று மட்டும் இருக்கும்.

பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றுதான் அவனும் இருந்தான். ஆனால் அவன் மனைவி வேம்புலியம்மாளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. முதலில் கொட்டைப்பாக்கு அளவு. அடுத்த பொங்கலுக்கு எலுமிச்சம்பழம். அறுத்து எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் செலவில்லாமல் அறுக்கலாம். ஜெயநிதி ஸ்பிரிங்ஸ் பர்மனெண்ட் ஆட்களுக்கு மட்டும்தான் கார்டு போட்டது.

சாயங்காலம் பட்டாபிராம் சைடிங் வரை போகிற லோக்கல் ரயிலில் வந்து இறங்கி அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் வேம்புலியம்மாள் கேட்பாள்.

“இன்னா, கார்டு எவ்ளோ நாள் ஆவுமாம்?”

“கேட்டுகினு கீறேன்.”

ஒன்றரை வருஷமாக இந்த இரண்டு வாக்கியங்கள்தான். முதலில் அவள் அழுதுகொண்டே கேட்டாள், பிறகு கோபமாகக் கேட்டாள். இப்போதெல்லாம் அரிசி களைந்துகொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்கிறாள். பதில் சொல்லும்போது அவனுக்கும் ஒன்றும் ஆவதில்லை.

தொண்ணூற்று நாலில் கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ. வருகிறது என்றார்கள். யாரோ பெரிய அதிகாரி வருகிறார் என்று ஷெட்டில் ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்பிரிங்குக்குக் கம்பி சுற்றுகிற எத்திராஜ், “அந்த ஆளு வர்ற அன்னிக்கு கேண்டீன்ல வடை போடுவாங்கோ மாமே” என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். எத்திராஜும் டெம்பரரிதான், ஒன்பது வருஷம். பிறகு சுவரில் ஒரு பேனர் தொங்கியது. ‘செய்வதை எழுது. எழுதியதைச் செய்.’ அதற்குக் கீழே எல்லோரையும் உட்காரவைத்து தர மேனேஜர் பார்த்தசாரதி பேசினார்.

“லண்டன்லேர்ந்து ஆடிட்டர் வருவார். அவர் என்னைக் கேள்வி கேக்கமாட்டார். எம்.டி.யைக் கேக்கமாட்டார். உங்களைத்தான் கேப்பார். ஒரே கேள்வி. ஹவ் லாங் டஸ் இட் டேக்? உன் வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவுதான். பதில் இங்கிலீஷ்ல வரணும். சும்மா இங்கிலீஷ் இல்லப்பா, நேச்சுரல் இங்கிலீஷ். ‘ஃபார்ட்டி மினிட்ஸ் சார்’னு சொன்னா அது கூலிக்காரன் இங்கிலீஷ். முழு வாக்கியமா வரணும். ஸ்பிரிங் நல்லா இருக்கா, ஒடியுமா, இதெல்லாம் வேற விஷயம். அதையெல்லாம் ஐ.எஸ்.ஓ. கேக்காது. அந்த விதத்துல அது ரொம்ப உயர்ந்த சிஸ்டம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வாக்கியத்தைச் சரியா சொல்ற டெம்பரரி எல்லாரும் பர்மனெண்ட். இது எம்.டி. கொடுத்த வாக்கு. சொல்லத் தெரியாதவங்களை நாங்க வேலையை விட்டு அனுப்பமாட்டோம். அந்த மாதிரி கம்பெனி இல்ல இது. மூணு நாள் பிரேக் கொடுப்போம் இல்ல, அதுக்கப்புறம் கூப்பிடமாட்டோம். அவ்வளவுதான்.”

துலுக்கானம் அன்று சைடிங் லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். ஒரு வாக்கியம். ஒரு வாக்கியத்தைச் சொன்னால் கார்டு. பதினோரு வருஷத்தில் கம்பெனி அவனிடம் இவ்வளவு சின்னதாக எதையும் கேட்டதில்லை.

பாடம் நடத்தப் பூந்தமல்லியில் டுட்டோரியல் வைத்திருந்த உலகநாதன் வந்தார். ஷிஃப்ட் முடிந்ததும் கேண்டீனில் வகுப்பு. வேர்வையோடும் கிரீஸோடும் உட்கார்ந்திருந்த முப்பது பேரைப் பார்த்து, அவர் டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

“தமிழ்ல நேரம் ஆகும், நேரம் பிடிக்கும். சோம்பேறி மொழி. நேரம் அதுபாட்டுக்கு ஆகிண்டிருக்கும், யாருக்கும் பொறுப்பு கிடையாது. இங்கிலீஷ்ல அப்படி இல்ல. ஒருத்தர் பொறுப்பெடுத்து அந்த நேரத்தை எடுக்கணும். யார் எடுக்கறது? இட். எங்கே சொல்லுங்கோ. ஹூ டேக்ஸ்?”

“இட் டேக்ஸ்!” என்று முப்பது பேரும் கத்தினார்கள்.

“ஹூ?”

“இட்!”

துலுக்கானம் கையைத் தூக்கினான். “சார், இந்த இட்டு யாரு சார்?”

“யாரும் இல்லை.”

“யாரும் இல்லன்னா எப்டி சார் எடுக்கும்?”

உலகநாதனுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. டுட்டோரியலில் யாரும் கேட்டதில்லை. “வாக்கியத்துல முதல் இடம் காலியா இருக்கக்கூடாதுப்பா. அதனால ஒருத்தரை அங்கே நிறுத்தறோம். அவருக்கு அர்த்தம் கிடையாது. பேர் கிடையாது. யாரும் அவரைக் கவனிக்கறதும் கிடையாது. ஆனா அவரை எடுத்துட்டா மொத்த வாக்கியமும் விழுந்துடும்.”

“டெம்பரரியா சார்?”

யாரும் சிரிக்கவில்லை. துலுக்கானமும் சிரிக்க வைப்பதற்காகக் கேட்கவில்லை. உலகநாதன் கொஞ்சம் யோசித்தார். “அப்படி வெச்சுக்கலாம். ஆனா இங்கிலீஷ்ல அந்த போஸ்ட் பர்மனெண்ட்” என்றார்.

அவனுக்கு ஒதுக்கிய வாக்கியம்: இட் டேக்ஸ் மீ ஃபார்ட்டி மினிட்ஸ் டு டெம்பர் எ ட்ரே. மூன்று வாரம் இதையே சொன்னார்கள். உலகநாதனிடம் இன்னொரு கொள்கையும் இருந்தது. இயற்கையான ஆங்கிலம் வாய் வழியாகப் பாதியும் மூக்கு வழியாகப் பாதியும்தான் வரும், தமிழன் முழுவதையும் வாயாலேயே பேசிவிடுகிறான், அதனால்தான் முன்னுக்கு வரவில்லை என்பார். ஒவ்வொருவர் மூக்கையும் பிடித்துவிட்டுச் சொல்ல வைத்தார். துலுக்கானத்துக்கு மூக்கு நன்றாக வந்தது. வகுப்பிலேயே முதல் மூக்கு அவனுடையதுதான்.

வீட்டில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வேம்புலியம்மாள் கேட்டாள். “இன்னாய்யா அர்த்தம் அதுக்கு?”

அவன் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னான். “அது என்னிய நாப்பது நிமிசம் எடுத்துக்குதாம்.”

“உன்னியா? உன்ன எடுத்துக்கினு போயி இன்னா பண்ணுது?”

“தெர்ல. யாரும் இல்லியாம் அது.”

அவள் கழுத்தைத் தடவிக்கொண்டாள். “செரியாத்தான் சொல்லிக் குடுத்துகீறாங்கோ” என்றாள்.

தேர்வு மேனேஜர் அறையில் நடந்தது. மேஜைமேல் டேப்ரெக்கார்டர். ஒவ்வொருவரும் தங்கள் வாக்கியத்தை அதில் சொல்ல வேண்டும், அதைக் கேட்டுத்தான் கம்பெனியின் வேலை ஆணைகள் டைப் ஆகும். செய்கிறவன் வாயிலிருந்தே எழுதுவதுதான் சிஸ்டம் என்றார் பார்த்தசாரதி. எத்திராஜ் உள்ளே போய், பாதியில் திக்கி, “டொண்ட்டி மினிட்ஸ் ஆவும் சார்” என்று கும்பிட்டுவிட்டு வந்தான். அடுத்த வாரம் அவனுக்கு மூன்று நாள் பிரேக் கொடுத்தார்கள். அந்த மூன்று நாள் இன்னும் முடியவில்லை.

துலுக்கானம் ஏசி குளிரில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, முழு மூக்கோடு சொன்னான். உலகநாதன் எழுந்து வந்து அவன் கையைக் குலுக்கினார். கேசட்டைக் கேட்டு டைப் செய்த சாமுண்டீஸ்வரி நல்ல பெண், காதில் விழுந்ததைத்தான் அடித்தாள். மூக்கு வழியாக வெளியே வந்த ஃபார்ட்டி, கேசட்டில் ஃபோர்ட்டீன் ஆகியிருந்தது. வேலை ஆணை எண் ஏழு, லேமினேட் செய்யப்பட்டு, அடுப்புக்கு மேலே தொங்கியது. அதில் பதினாலு நிமிஷம் என்று இருந்தது.

இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் நம்பர் தெரியுமே. துலுக்கானம் மேனேஜர் அறைக்குப் போனான்.

“சார், நாப்பது சார். பதினாலு இல்ல.”

பார்த்தசாரதி கேசட்டைப் போட்டுக் காட்டினார். “கேளு. யார் குரல்?”

“என்து சார். ஆனா அது மூக்கு சார்.”

“மூக்குன்னாலும் உன் மூக்குதானே? இதோ பார், டாக்குமெண்ட் லண்டனுக்குப் போயாச்சு. மாத்தறதுன்னா திருத்த விண்ணப்பம் போடணும். அதுல முதல் கேள்வியே, திருத்தறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஹவ் லாங் வில் இட் டேக்? பதில் நேச்சுரல் இங்கிலீஷ்ல எழுதணும். ‘வில்’ போட்டு வர்ற வாக்கியம் உங்களுக்கு நடத்தலை. அது அடுத்த வருஷ சிலபஸ்.”

“ஒடிஞ்சுடும் சார் ஸ்பிரிங்கு.”

“ஒடியட்டும். பதினாலு நிமிஷத்துல ஒடியணும். அதுக்குப் பேர்தான் தரம்.”

மறுநாள் முதல் சூப்பர்வைசர் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். பதினாலைத் தாண்டினால் ‘மீறல்’ என்று எழுதுவார், மூன்று மீறல் எழுதினால் பர்மனெண்ட் கிடையாது. அன்று உள்ளே போன முதல் தட்டு வேகாமலே வெளியே வந்தது. துலுக்கானம் ஒரு ஸ்பிரிங்கை எடுத்து அமுக்கிப் பார்த்தான். டக்கென்று ஒடிந்தது. லாரி பிரேக்குக்குப் போகிற ஸ்பிரிங் அது. பூந்தமல்லி ஹைரோட்டில் ஓடுகிற எந்த லாரிக்கும் போகலாம். ஒடிந்த இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்தான்.

மத்தியானம் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். தட்டைப் பதினாலு நிமிஷத்தில் வெளியே இழுத்தான். ஸ்டாப்வாட்ச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் டிக் போட்டார். உடனே அதே தட்டை மறுபடி உள்ளே தள்ளினான். மறுபடி பதினாலு, மறுபடி டிக். மூன்றாவது தடவை. மூன்று பதினாலு நாற்பத்திரண்டு, கதவைத் திறந்து மூடுவதில் வீணாகும் சூட்டுக்கு இரண்டு நிமிஷம் போனால் கணக்கு நேர். ஸ்பிரிங் ஒழுங்காக வெந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான்.

தெரிந்துவிட்டது. மாதக் கடைசியில் டிக்குகளைக் கூட்டிப் பார்த்ததில் அடுப்பின் உற்பத்தி மூன்று மடங்காகியிருந்தது. பார்த்தசாரதி ஷெட்டுக்கே நேரில் வந்து பேசினார்.

“இதுதான் சிஸ்டத்தோட மகிமை. அடுப்பு அதேதான், ஆள் அதேதான், ஸ்பிரிங்கும் குடோன்ல எண்ணிப் பார்த்தா அதே எண்ணிக்கைதான் இருக்கு. ஆனா உற்பத்தி மூணு மடங்கு! பழைய காலத்துல இப்படி முடியுமா?”

ஸ்டோர்ஸ்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனேஜர் அவரைப் பார்த்தார். அவர் கை தட்டினார். துலுக்கானத்துக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்தார்கள்.

கதவை மூன்று மடங்கு திறந்ததில் அவனுடைய இரண்டு முன்கையிலும் முதலில் ரோமம் கருகியது, பிறகு தோல் தடித்தது, பிறகு மரத்துப்போனது. ஒருநாள் தட்டின் விளிம்பு கையில் பட்டு வாடை வந்த பிறகுதான் சுட்டிருக்கிறது என்று தெரிந்தது. வேம்புலியம்மாள் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். அவள் தடவுவதும் அவனுக்குத் தெரியவில்லை. சாயங்காலக் கேள்வியும் பதிலும் வழக்கம்போல நடந்தன. கட்டி இப்போது எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகியிருந்தது. அவள் சோற்றை முழுங்க நேரமானது. எவ்வளவு நேரம் என்று அவன் பார்க்கவில்லை.

கார்த்திகை மாதம் ஆடிட்டர் வந்தார். வெள்ளைக்காரர், நல்ல மனிதர், அம்பத்தூர் வெயிலில் தக்காளியாகச் சிவந்திருந்தார். கேண்டீனில் உண்மையிலேயே வடை போட்டார்கள். அவருக்கு ஒரே கஷ்டம் பெயர்கள்தான். பார்த்தசாரதி என்பதை எழுத மூன்று காகிதம் ஆயிற்று. ஜம்புலிங்கம் என்ற பர்சனல் ஆபீஸரின் பெயரைப் பாதியில் விட்டுவிட்டார்.

அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் எம்.டி., மேனேஜர், உலகநாதன், இன்னும் பத்து பேர்.

“ஹவ் லாங் டஸ் இட் டேக்?”

துலுக்கானம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். நாற்பது என்றுதான் சொன்னான். உண்மையைத்தான் சொன்னான். மிச்சத்தை மூக்கு பார்த்துக்கொண்டது. ஆடிட்டர் சுவரில் தொங்கிய ஆணையைப் பார்த்தார், தன் வாட்ச்சைப் பார்த்தார், பதினாலாவது நிமிஷம் தட்டு வெளியே வந்ததும் தலையை ஆட்டி டிக் போட்டார். உலகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தோடு போயிருக்கலாம். ஆடிட்டர் நல்ல மனிதர் என்பதால் இன்னொரு கேள்வி கேட்டார். இந்த அடுப்பை ஓட்டுவது யார் என்று இங்கிலீஷில் கேட்டார். அது பாடத்தில் இல்லை. துலுக்கானத்துக்கு அதில் ஒரே ஒரு சொல்தான் புரிந்தது. ஹூ.

ஹூ என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று வாரம் கேண்டீனில் கத்தியிருக்கிறான்.

“இட்!” என்றான்.

ஆடிட்டர் முகம் மலர்ந்தது. அன்று காலையிலிருந்து அவர் ஒரே தடவையில் எழுத முடிந்த பெயர் அதுதான். இரண்டே எழுத்து. எழுதினார், அடியில் கோடு போட்டார், அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் முதுகு மறைந்ததும் துலுக்கானம் தட்டை மறுபடி உள்ளே தள்ளினான்.

தை மாதம் சர்டிஃபிகேட் வந்தது. அதற்குச் சந்தன மாலை போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். கூடவே பர்மனெண்ட் உத்தரவுகளும் வந்தன. துலுக்கானத்தின் உறையில் ‘திரு. இட், அடுப்பு ஆபரேட்டர்’ என்று இருந்தது. மறுபடி மேனேஜர் அறைக்குப் போனான்.

“சார், பேரு மாறிப்பூட்ச்சு சார்.”

“மாறலைப்பா. இப்போதான் சரியா இருக்கு. ஆடிட் ரிப்போர்ட்ல அடுப்பு ஆபரேட்டர் பேர் இட். அதை வெச்சுத்தான் சர்டிஃபிகேட்டே. துலுக்கானம்னு ஒருத்தன் அந்த அடுப்புல வேலை செஞ்சா அது மீறல். எழுதியதைச் செய். பேனர் பார்க்கலை?”

“அப்போ நான் யாரு சார்?”

“நீ நீதான். பேர் மட்டும் அவர். இத்தனை வருஷம் பேரே இல்லாம இருந்தியே, அப்போ ஏதாவது கேட்டியா?”

கேட்கவில்லைதான். துலுக்கானம் யோசித்துப் பார்த்தான். பிறகு, “மாத்தணும்னா எவ்ளோ நாள் ஆவும் சார்?” என்றான்.

பார்த்தசாரதிக்கு வருத்தமாகிவிட்டது. “இவ்வளவு செலவு பண்ணி உனக்குச் சொல்லிக்கொடுத்தோம். இதைப் போய் தமிழ்ல கேக்கறியே” என்றார்.

கார்டு வந்தது. துலுக்கானம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, வேம்புலியம்மாள் கேட்பதற்கு முன்னால் முறத்தின்மேல் வைத்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கத் தெரிந்தவள்.

“வேம்புலியம்மாள். கணவர் பெயர், இட். யாருய்யா இது?”

“அந்த வாக்கியத்துல வருமே. அந்த ஆளு.”

“யாருமே இல்லன்னியே?”

“யாரும் இல்லதான். ஆனா அவரு இல்லன்னா மொத்தமும் உயுந்துடுமாம்.”

அவள் கார்டைத் திருப்பிப் பார்த்தாள். கழுத்தில் கை வைத்துக்கொண்டாள். “இத்த வெச்சுகினு அறுப்பாங்களா?”

“அறுப்பாங்கோ.”

“அப்போ செரி” என்றாள்.

திங்கட்கிழமை விடியற்காலை முதல் வண்டியில் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சீட்டு போட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். மணி ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. துலுக்கானத்துக்கு முட்டியில் வலி ஏறவில்லை. சமீபமாக அதுவும் மரத்துப்போயிருந்தது. எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறோம் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா கையில் கார்டுகளோடு வந்து வாசலில் நின்றாள்.

“இட்டு யாரு? இட்டு! இட்டு சம்சாரம் வந்துகீதா?”

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். இதெல்லாம் ஒரு பேரா என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் கழுத்தைத் திருப்பி யார் அந்த ஆள் என்று தேடினார்கள். துலுக்கானமும் திரும்பி, பின் பெஞ்சில், கதவோரத்தில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் என்று ஒவ்வோர் ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேம்புலியம்மாள் முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“நாந்தாம்மா” என்றாள். பிறகு குனிந்து, மரத்துப்போயிருந்த அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். தொட்டது தெரியவில்லை என்று தெரிந்ததும் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“யோவ், எய்ந்திரு. உன்னத்தான் கூப்புடுறாங்கோ.”